திரும்ப முயற்சி செய்யவும்

வைரஸ் எண்டு மட்டும் சொல்லாதீங்க ஹமீட் நானா. வைரஸ் எண்டா ஃபைல அழிக்கும், படத்தக் குழப்பும், கொம்பியூட்டரப் படுக்கையில போடும். இது அப்புடியில்ல. இது நல்லாத்தான் வேலை செய்யிது, ஆனா ஆக்களுக்குப் பிழை போடுது. இருவத்தாறு பேர் சோதினை எழுதியிரிக்காங்க, இருவத்தஞ்சு பேருக்குப் பூச்சியம். ஒண்டு ரெண்டு கூட இல்ல நானா, சுத்தப் பூச்சியம். கண்ணப் பொத்திக்கொண்டு குத்தினாலும் பத்தில ரெண்டு சரிவருந்தானே. அதுவும் வரல்ல. இதுக்கு என்ன சொல்றீங்க?

ஆ... என்ன சோதினையெண்டு கேக்கிறீங்களா. இவ்வளவு நேரமும் அது தெரியாமத்தான் லெப்டொப்ப நோண்டிக்கொண்டு இரிந்தீங்களா? நல்லம். சரி, முதல்ல இருந்து சொல்றன், கேளுங்க. நான் நாவற்குடா. எண்ட பேர் வதனி. வாவிக்கரையில மீனவர் சங்கம் ஒண்டு இரிக்கு, அதில எழுத்து வேலை. வாற மாரிக்கு முந்தி வாவியில தொழில் செய்ற ஆக்களுக்குப் பாதுகாப்புப் பாடம் படிப்பிக்கோணும் எண்டு கொழும்பில இருந்து ஒரு நிறுவனம் வந்தது. வகுப்பு இல்ல, வாங்கு இல்ல. போனிலயே பாடத்தப் பாக்கலாம், போனிலயே பத்துக் கேள்விக்கு விடையத் தொடலாம். பத்துக்கு ஆறு எடுத்தா ஒரு கார்ட், ஒரு லைஃப் ஜக்கட். பாஸ் பண்ணின ஆக்கள்ற பட்டியல் இண்டைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு முந்திப் போகோணும். பிந்தினா அடுத்த வருசம்தானாம். இப்ப மணி என்ன? பதினொண்டரை. நான் வந்தது ஒம்பதரைக்கு. வெளியில போர்ட் போட்டிரிக்கீங்க, அரை மணியில திருத்தித் தரப்படும் எண்டு. அது எந்த ஊர் அரை மணி நானா?

சிரிங்க, சிரிங்க. நான் சிரிச்சு நாலு நாள்.

இந்தக் கேள்வியெல்லாம் நான்தான் செஞ்சன். பொய்யில்ல, நானேதான். டவுனில அஞ்சு நாள் பழக்கினாங்க. குவிஸ் ஸ்லைட் செய்றதுக்கெண்டே ஒரு சொப்ட்வெயார். கஜானி எண்டு ஒரு பிள்ளதான் படிப்பிச்சவ, கம்பஸ் முடிச்ச பிள்ள, நல்ல பிள்ள, ஆனா கதை பஸ் ஓடுற வேகம். "அக்கா, சரியான விடைய முதல் வரியில எழுதுங்க, பிழையான விடையள அதுக்குக் கீழ எழுதுங்க, முதல் வரியத்தான் இது சரியெண்டு எடுக்கும், மறுகா ஸ்லைட்டில நீங்க விரும்பின இடத்துக்கு இழுத்து வைங்க." இஞ்ச பாருங்க, கொப்பியில சொல்லுக்குச் சொல் எழுதி வச்சிரிக்கன். சிவப்புப் பேனையால கீறியும் வச்சிரிக்கன். ஒரு எழுத்துப் பிசகாம அப்புடியேதான் செஞ்சன். அதால எண்ட பக்கம் பிழையிரிக்க வாய்ப்பே இல்ல, அத முதல்ல விளங்கிக்கொள்ளுங்க.

நான் சோதிச்சுப் பாத்தனா எண்டா? பாக்காம இரிப்பனா? ஒவ்வொரு ஸ்லைட்டா எடுத்து எடுத்துப் பாத்தன். அழகெண்டா அழகு. பின்னுக்கு வாவித் தண்ணிர நீலம், மேல நடுவில சின்னதாப் பிள்ளையார் சுழி, அதுக்குக் கீழ கேள்வி, அதுக்குக் கீழ நாலு விடை, அடியில ஒரு தோணிப் படம். எழுத்தும் பெருசு, கண் தெரியாத ஆளுக்கும் தெரியும். கொழும்பு ஒபிசில இருந்து ஒரு நோனா பாத்திட்டு, மட்டக்களப்பில செஞ்சதுதான் வடிவு எண்டு எழுதியிரிந்தா. அந்த மெசேஜ இன்னும் அழிக்கல்ல நான்.

குரலும் எண்டதான். சரியாத் தொட்டா, "சரியான விடை, மிக நன்று." பிழையாத் தொட்டா, "பிழை. திரும்ப முயற்சி செய்யவும்." பின்னறையில ஃபேனையும் நிப்பாட்டிப்போட்டு வேர்க்க வேர்க்கக் கதைச்சன். நாலு தரம் சேவல் கூவிக் கெடுத்திச்சு. அஞ்சாந்தரம் சேவல ஆள் புடிச்சு வச்சிரிந்தார். ஆர் புடிச்சு வச்சிரிந்தது? எங்கட வீட்டுக்காரர்தான், உதயரூபன். அந்த மனிசன்தான் இப்ப நாலு நாளா என்னோட கதைக்கிறல்ல.

அதத்தானே சொல்ல வாறன், பொறுங்க. மற்ற இருவத்தினாலு பேரும் பூச்சியம் எடுத்ததுக்கு நான் இவ்வளவு கவலப்படல்ல நானா. அவங்க ஒருக்கா எழுதினாங்க, பூச்சியம் வந்திச்சு, "போங்க நீங்களும் உங்கட சோதினையும்" எண்டு போனச் சேட்டுச் சாக்கில போட்டுக்கொண்டு போயிற்றாங்க. எங்கட ஆள் அப்புடியில்ல. பொஞ்சாதி செஞ்ச சோதினை. தலைக்கு எண்ணெய் வச்சு இழுத்து, கழுவின சேட்டுப் போட்டுக்கொண்டு இரிந்து எழுதினார். பத்துக் கேள்விக்கும் பிழை. ரெண்டாந்தரம் எழுதினார், அதுவும் பிழை. மூண்டாந்தரம், உங்கட விடைதான் பிழையெண்டு நான்தான் புடிச்சு இருத்தினன். அதுவும் பிழை. ஆகலும் மூண்டு தரம்தான் எழுதலாம்.

நானும் வாயப் பொத்திக்கொண்டு இரிந்திரிக்கலாம். இரிக்கல்லயே. "முப்பது வருசமா வாவியில என்னத்தத்தான் புடிச்சீங்க, மீனையா காத்தையா" எண்டு கேட்டன். அவர் போட்ட சேட்டக் கழட்டினார். "நீங்க தண்ணியப் பாத்தீங்களோ இல்லயோ, தண்ணி உங்களப் பாத்துச் சிரிச்சிரிக்கும்" எண்டன். அவர் சேட்டக் கொடியில போட்டார். மறுகா ஒண்டு சொன்னன் பாருங்க, அதுதான் பொல்லாத சொல்லாப் போயிற்று. "தோணியில கால் வச்சா தலை சுத்துற யோகராசா அண்ணன் பத்துக்குப் பத்து, நீங்க பூச்சியம்" எண்டன்.

ஓம் நானா, அந்த இருவத்தாறாவது ஆள். யோகராசா அண்ணன், எங்கட சங்கத் தலைவர். மனிசன் வாவிய ஜன்னலால மட்டும் பாத்தவர். காலையில கோயில், பின்னேரம் சங்கம். உடுப்பில ஒரு துளித் தண்ணி படாது. அவர் தலைவரா நல்ல மாதிரிக்கு எழுதிக் காட்டட்டும் எண்டு கதிரையில இருத்தினம். டக் டக் டக் எண்டு ரெண்டு நிமிசத்தில முடிச்சிற்றார். கேள்விய வாசிச்ச மாதிரியும் தெரியல்ல. பத்துக்கும் எண்ட குரல், மிக நன்று, மிக நன்று. எனக்கே கூச்சமாப் போயிற்று. எப்புடி அண்ணன் எண்டு கேட்டா, "நான் என்னத்தச் செஞ்சன் பிள்ள, எல்லாம் பிள்ளையார் பாத்துக்கொண்டார்" எண்டுறார். என்ன ஒரு அடக்கம் எண்டு நினைச்சன். அடுத்த நாள் சங்கத்தில அவருக்குப் பொன்னாடை.

எங்கட ஆளும் அந்தக் கூட்டத்தில பின்னுக்கு நிண்டவர். கை தட்டினவர் வேற.

அண்டையில இருந்து பேச்சில்ல. சோறு போடவா எண்டு கேட்டா, கேட்டது நாயெண்ட மாதிரி வீட்டு நாயப் பாத்துச் சொல்றார், "பசிச்சாப் போட்டுத் திண்ணுவம்" எண்டு. அந்த நாய்க்கும் பவுசு வந்திற்று, என்னப் பாத்தா இப்ப வால் ஆட்டுதில்ல. நேத்து நல்ல மணலை மீன் கொண்டு வந்தார். கறியாக்கி வச்சா, பாணும் சம்பலும் கடையில வாங்கித் திண்ணுறார். மணலைக் கறிய விட்டுப்போட்டு ஒரு மட்டக்களப்பான் பாண் திண்ணுறானெண்டா அது சின்னக் கோவமில்ல நானா.

இல்ல, நான் சும்மா இரிக்கல்ல. எல்லாம் செஞ்சு பாத்தன். நிப்பாட்டிப் போட்டன். சொப்ட்வெயார அழிச்சுத் திரும்ப ஏத்தினன், ஒரு இரவு டேட்டா முழுக்கப் போச்சு. எழுத்த மாத்தினன். நீலத்தப் பச்சையாக்கினன், பச்ச நல்லால்ல, திரும்ப நீலமாக்கினன். பதினொரு தரம் புதுசா அனுப்பினன். கண்ணூறெண்டு ஒரு தேசிக்காயும் சுத்தி வெட்டினன், அத விடுங்க. முந்தி விடையத் தொட்ட பிறகு "அனுப்பு" எண்டு ஒரு பட்டன் அமத்தோணும். ஆக்கள் அத அமத்த மறந்துபோவாங்க எண்டு, சோதினைக்கு முந்தியே தொட்ட உடன விடை போற மாதிரி மாத்தினன். அதால வந்த வினையோ எண்டு கூட யோசிச்சன். ஆனா அதில பிழையில்ல எண்டு கஜானியே போனில சொன்னா. மறுகா அவட போன் வேலை செய்யல்ல. நான் பதினேழு தரம் எடுத்த பிறகுதான் அது வேலை செய்யாமப் போனது.

என்ன நானா, திரும்பத் திரும்ப அதையே கேக்கிறீங்க. ஸ்லைட்டப் பாத்தன் எண்டு சொன்னன்தானே. விடையத் தொட்டுப் பாத்தனா எண்டா... அது... வினாத்தாள் போட்ட ரீச்சர் இரிந்து சோதினை எழுதுவாவா? எல்லா விடையும் எனக்குத் தெரியுமே, நான் ஏன் தொடோணும். நல்ல கேள்வி கேக்கிறீங்க.

பிளேன்டீ வேணாம். சரி, கொண்டு வந்திற்றீங்க, வைங்க.

உங்களுக்கு ஒண்டு சொல்லவா நானா. இந்தப் பாடம் எங்கட சங்கத்துக்கு வாறதாவே இரிக்கல்ல. நான்தான் கடிதத்துக்கு மேல கடிதம் போட்டு எடுப்பிச்சன். போன மாரி, கார்த்திகையில, பின்னேரம் நாலு மணியிரிக்கும், வானம் இருட்டிக்கொண்டு வந்து அடிச்சிச்சே ஒரு மழை, ஞாபகம் இரிக்கா? அண்டைக்கு எங்கட ஆள்ற தோணி பிரண்டு போச்சு. நடு வாவி. ஒண்டரை மணித்தியாலம் கவுண்ட தோணியப் புடிச்சுக்கொண்டு கிடந்திரிக்கார். தன்னாமுனைப் பொடியன்கள்ற தோணி கண்டு ஏத்திக்கொண்டு வந்தாங்க. கரையில இறக்கக்குள்ள கை விரலெல்லாம் மடங்கினபடி, நிமித்த ஏலாது. நான் ஒவ்வொரு விரலா நிமித்தினன். அண்டைக்கு நினைச்சன், இந்த மனிசனுக்கு ஒரு லைஃப் ஜக்கட் எடுத்துக் குடுக்காம விடுறல்ல எண்டு. இப்ப இருவத்தாறு ஜக்கட்டும் எண்ட சங்கத்துக்கு வந்து பெட்டியில கிடக்கு. எண்ட மனிசனுக்கே இல்லையெண்டு நான் பட்டியல் அனுப்போணுமாம். இது எந்த ஊர் நியாயம்?

ஆ, அதா? அது கேள்வி எழுதுற இடம். அந்தப் பெட்டிக்குள்ள கேள்வி, கீழ வரி வரியா விடை. முதலாவது கேள்விய எடுத்திரிக்கீங்க, தோணி பிரண்டா என்ன செய்யோணும் எண்டுறது. வாசிங்க. முதல் வரியில என்னவெண்டு கேக்கிறீங்களா? முதல் வரி... அது விடையில்ல நானா, அது பிள்ளையார் சுழி. "உ" போட்டிரிக்கன். நாங்க எதையும் எழுதத் தொடங்க முந்தி அதத்தான் போடுவம். நீங்க பிஸ்மி சொல்லித் தொடங்குவீங்கதானே, அது மாதிரி. கொப்பியெண்டாலும் போடுவம், சாமான் துண்டெண்டாலும் போடுவம். பத்துக் கேள்விக்கும் பத்துத் தரம் போட்டிரிக்கன். மறுகா ஸ்லைட்டில அது விடையளுக்குள்ள கிடந்திச்சா, பிள்ளையார அங்க வைக்கிறது சரியில்ல எண்டு மேல நடுவுக்கு இழுத்து வச்சன். அதுக்குப் பிறகுதான் முதல் வரி. அதில பாருங்க, சரியான விடை, தோணிய விடாமப் புடிச்சுக்கொண்டு...

என்ன நானா?

விரலால என்னத்தக் காட்டுறீங்க? முதல் வரிக்குப் பக்கத்தில பச்சப் புள்ளி இரிக்கு. ஓம், தெரியுது. அது சரியான விடைக்கு வாற புள்ளி. அது... உ-க்கு நேர நிக்கிது.

பொறுங்க. அடுத்த கேள்வியப் பாருங்க. அதிலயும் உ-க்கு நேரதான். அடுத்தது? அதுவுமா?

பிள்ளையாரே.

அப்ப பத்துக் கேள்விக்கும் சரியான விடை பிள்ளையார் சுழியா? தோணி பிரண்டா என்ன செய்யோணும், பிள்ளையார் சுழி. மின்னல் அடிச்சா என்ன செய்யோணும், பிள்ளையார் சுழி. அப்ப யோகராசா அண்ணன்... அந்த மனிசன் எதையும் தொடங்க முந்திச் சுழியத் தொட்டுக் கண்ணில ஒத்துறவர் நானா, கலியாணக் கார்ட்டக் குடுத்தாலும் ஒத்துவார். ஸ்லைட் வந்த உடன சுழியத் தொட்டிரிக்கார். தொட்ட உடன விடை போற மாதிரி நான்தானே மாத்தி வச்சன். எல்லாம் பிள்ளையார் பாத்துக்கொண்டார் எண்டு மனிசன் உள்ளதத்தான் சொல்லியிரிக்கு. நான் அடக்கம் எண்டு நினைச்சுப் பொன்னாடை போத்தினன்.

சிரிக்காதீங்க நானா. சரி, சிரிங்க. ஆனா வெளியில சொல்லிராதீங்க. நாவற்குடாவுக்குள்ள இந்தக் கதை போச்செண்டா நான் கதிரவெளிக்குத்தான் குடி போகோணும்.

சுழிய அந்த வரியில இருந்து எடுத்திற்றீங்களா? எடுங்க, எடுங்க, அவர் கோவிக்க மாட்டார். பக்கத்தில சும்மா ஒரு பெட்டியில எழுதி மேல வைங்க, இல்லாட்டி வெறிச்செண்டிரிக்கும். ஆக்கள் தொட்ட விடையெல்லாம் பதிஞ்சு கிடக்கா? திரும்ப எண்ணுமா? எண்ணட்டும், எண்ணட்டும்... வந்திற்றா? எங்க, லெப்டொப்ப இஞ்சால திருப்புங்க. ஒம்பது. எட்டு. பத்து. ஏழு. ஐயோ, பாருங்க, எங்கட ஆக்கள். இருவத்தினாலு பேரில இருவத்திரெண்டு பேர் பாஸ். யோகராசா அண்ணனுக்குப் பூச்சியம். அவருக்கு லைஃப் ஜக்கட் என்னத்துக்கு, பொன்னாடை இரிக்குதானே. எங்கட ஆள்ற பேர் எங்க? உதயரூபன்... இந்தா.

பூச்சியமா?

இல்ல நானா, இது இன்னும் திருந்தல்ல. இன்னொருக்கா எண்ணச் சொல்லுங்க. கடைசியா எழுதினதத்தான் எடுக்கும் எண்டா? அவர் மூண்டு தரம் எழுதினவர், மூண்டாவதத்தான் எடுக்குது. முதலாவதத் திறந்து காட்டுங்க. ...பத்தும் சரி. பாத்தீங்களா, எண்ட மனிசன், பத்தும் சரி. ரெண்டாவது? அதுவும் அதே பத்து விடை. ஒண்டையும் மாத்தல்ல, பிழையெண்டு பத்துத் தரம் கேட்ட பிறகும் மாத்தல்ல. அப்ப மூண்டாவதில என்ன நடந்தது?

வாவி கடலில விழுற முகத்துவாரத்த வெட்டிவிட்டா தண்ணி எந்தப் பக்கம் இழுக்கும். வயல் பக்கம் எண்டு தொட்டிரிக்கார். சின்னப் பிள்ளைக்கும் தெரியும் கடல் பக்கமெண்டு. மின்னல் அடிச்சா, தோணியில எழும்பி நிக்கிறது. எழும்பி நிக்கிறதாம். எல்லாத்தையும் மாத்திப் போட்டிரிக்கார் நானா. எல்லாத்தையும். முதலாவது கேள்விக்கு என்ன போட்டிரிக்கார்?

"தோணிய விட்டுப்போட்டு நீந்துறது."

அந்தத் தோணிய விடாமப் புடிச்சபடியாத்தானே உசிரோட வந்தவர். அது அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்ச மனிசன் அத மாத்திப் போட்டிரிக்கு. மெசின் சொன்னதெண்டா ஏசிப்போட்டு எழும்பியிரிப்பார் நானா. சொன்னது எண்ட குரல். பிழை, பிழை எண்டு இருவது தரம் நான் சொல்லியிரிக்கன், மறுகா நேரிலயும் நிண்டு சொல்லியிரிக்கன். வதனி சொன்னாச் சரியாத்தான் இரிக்கும் எண்டு, கண்ட தண்ணியையும் பட்ட பாட்டையும் தூக்கி வச்சிற்றார். நாளைக்கு மாரியில தோணி பிரண்டு, இந்தக் குரல் காதில கேட்டு, அவர் கைய விட்டாரெண்டா... எனக்கு அத நினைக்கவே ஏலாம இரிக்கு. நான் என்ன வேலை செஞ்சு வச்சிரிக்கன் பாருங்க.

நாலாந்தரம் எழுத விடலாமா? அந்த மூண்ட மாத்தி நாலாக்கலாமா? மாத்துங்க. மாத்திற்றீங்களா? மணி என்ன? பன்னெண்டே காலா. இப்பவே எழுதினா நாலு மணிக்குப் பட்டியலில பேர் போயிரும். உங்கட போனக் குடுங்க நானா, எண்ட நம்பரெண்டா எடுக்க மாட்டார். பாங்கு சொல்லுதா? நீங்க தொழப் போங்க, போங்க, நான் கடையப் பாத்துக்கொள்றன். போனக் குடுத்திட்டுப் போங்க.

ரிங் போகுது.

ஹலோ. இஞ்சருங்க, நான்தான், வச்சிராதீங்க. ஹமீட் நானாட போன். லெப்டொப் திருந்தீற்று. இல்ல, லெப்டொப்பில பிழையில்ல. சொப்ட்வெயாரிலயும் இல்ல. உங்களிலயும் இல்ல. நீங்க முதல்ல எழுதின பத்தும் சரி. ரெண்டாந்தரம் எழுதினதும் சரி. பிழை என்னில. பிள்ளையார் சுழிய விடை எழுதுற வரியில போட்டிற்றன். ஓம், நான்தான். கேக்குதா? எண்ட பிழைதான். நாலாந்தரம் எழுதத் திறந்திரிக்கு, நாலு மணிக்கு முந்தி இன்னொருக்கா எழுதுங்க. ...தோணி பிரண்டா விடாமப் புடிக்கோணும், விளங்கிச்சா, நான் சொன்னதெண்டு விட்டிராதீங்க.

என்ன, ஆருக்குச் சொல்றீங்க? நாயோடயா கதைக்கிறீங்க?

...சரி, திரும்பச் சொல்றன். எண்ட பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்க. பின்னேரம் மணலைக் கறி சூடாக்கித் தாறன். என்ன? இன்னும் சத்தமாச் சொல்லுங்க, கேக்கல்ல.

...என்ன சொல்றீங்க? "பிழை. திரும்ப முயற்சி செய்யவும்" எண்டா?